புதுப்பிப்பு: ஈறு வீக்கம், பற்காரை எடுத்த பிறகு

துலக்கும்போது ரத்தம் கசிகிறது, ஈறு கருஞ்சிவப்பாக இருக்கிறது, அங்கே ரத்த ஓட்டம் குறைந்துவிட்டதா என்று முன்பு கேட்டிருந்தேன். இல்லை என்பதுதான் பதில். அழற்சியில் நுண்குழாய்கள் விரிந்து ரத்தம் கூடுதலாகவே வருகிறது. ஆனால் அங்கே குவியும் வெள்ளணுக்கள் ஆக்சிஜனைத் தின்று தீர்க்கின்றன. வீக்கத்தில் ரத்தம் தேங்கவும் செய்கிறது. அந்த நீலம் கலந்த சிவப்பு, ஆக்சிஜன் இழந்த ரத்தத்தின் நிறம். ஆக்சிஜன் வேண்டாத கிருமிகளுக்கு இதைவிட வசதி வேறென்ன!

பல்லில் படிந்து இறுகியிருந்த பற்காரையை எடுத்தபின் கசிவு அநேகமாக நின்றுவிட்டது. நிறமும் இளஞ்சிவப்புக்குத் திரும்புகிறது. புகைப்பவர்கள் மட்டும் கசிவு இல்லையே என்று நிம்மதி அடைய வேண்டாம். புகையிலை அதை மறைத்துவிடும்.

கடைவாய்ப் பல்லின் பின்புறம் இன்னும் வீங்கியிருக்கிறது. அடுத்த முறை அங்கே ஈறுப் பையின், அதாவது பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள இடைவெளியின், ஆழத்தை அளப்பார்கள். 3 மில்லிமீட்டர் வரை இயல்பு.