ஆரியங்காவு ரோட்டுல ஆட்டோ வைப்பர், ஆட்டோ ஹெட்லைட் உதவுமா?

கேள்வி: செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு மலைப்பாதை வழியா அடிக்கடி புனலூர் போகணும். மழையில தானா ஓடுற வைப்பர், இருட்டினா தானா எரியுற ஹெட்லைட் ரெண்டும் உள்ள கார் மாடலுக்குக் கூடுதலா பணம் போடலாமா?

பதில் 1: சாரல் விட்டு விட்டு அடிக்கிற ரோட்டுக்கு வைப்பர் ரொம்ப உதவும். சென்சார் முன்கண்ணாடிக்குள்ள அகச்சிவப்பு ஒளியை அனுப்பும். வெளியே துளி விழுந்தா திரும்பி வர்ற ஒளி குறையும், வைப்பர் ஓடும். முன்கண்ணாடி மாத்தினா சென்சாரைக் கண்ணாடியோட ஒட்டுற ஜெல் பேடைக் கவனிங்க. அதுல காற்றுக்குமிழி இருந்தா வெயில்லயும் வைப்பர் ஓடும். தூசி படிஞ்ச கண்ணாடியில வறண்டு ஓடினா கீறல்தான்.

பதில் 2: லைட்டை நம்பாதீங்க அண்ணே. பகல் மூடுபனியில வெளிச்சம் இருக்கிறதால சென்சார் லைட்டைப் போடாது. பல கார்கள்ல முன்னால டிஆர்எல் (பகல்ல எரியுற விளக்கு) மட்டும் எரியும், பின்விளக்கு எரியாது. பின்னால வர்ற லாரிக்கு உங்க வண்டி தெரியாது. கையால லோ பீம் போடுங்க. ஹை பீம் வேண்டாம், பனியில பட்டு கண்ணுக்கே திரும்பும்.

பதில் 3: வாட்டர் வாஷுக்கு விடும்போது ஆட்டோ வைப்பரை ஆஃப் பண்ணிடுங்க. துடைக்கிறவர் கை மாட்டும்.