பம்ப் சர்வீஸிலிருந்து டெக்னிக்கல் ரைட்டிங் பக்கம் வர முடியுமா?

மோனோபிளாக்:
மெக்கானிக்கல் முடித்துவிட்டு கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் சர்வீஸ் வேலை பார்க்கிறேன். டீலர்களுக்கு அனுப்பும் இன்ஸ்டலேஷன் குறிப்பை எழுத யாரும் முன்வராததால் அது என் தலையில் விழுந்தது, எழுத எழுதப் பிடித்துப்போனது. இதையே முழுநேர வேலையாக எடுத்துக்கொள்ளலாமா? தமிழ் மீடியம்தான், ஆங்கிலத்தில் தப்பில்லாமல் எழுதுவேன், சரளமாகப் பேச வராது. ஒரு இன்ஸ்டிடியூட்டில் 3 மாத சர்டிஃபிகேட்டுக்கு 40,000 ரூபாய் கேட்கிறார்கள். சேரலாமா? கோடிங் தெரிந்தே ஆகவேண்டுமா?

டாக்ஸ்_அக்கா:
பணத்தைக் கட்டாதீங்க. கூகுளின் டெக்னிக்கல் ரைட்டிங் பாடங்கள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. செயப்பாட்டுவினையைத் தவிர்ப்பது, நீண்ட வாக்கியத்தை உடைப்பது என்று முதல் பாகம் அடிப்படையிலிருந்தே தொடங்கும். நான் சென்னையில் சாஃப்ட்வேர் டாக்குமென்டேஷனில் இருக்கிறேன், ஆள் எடுக்கும்போது முதலில் பார்ப்பது சாம்பிளைத்தான். மார்க்டவுன் (எளிய குறிகளால் பக்கத்தை வடிவமைக்கும் முறை), கிட் (கோப்பில் செய்த மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) இரண்டும் பழகிக்கொண்டு, யாரும் பார்த்துத் திருத்தம் அனுப்பக்கூடிய ஏதாவது ஓப்பன் சோர்ஸ் புராஜெக்டில் ஓட்டை உடைசலாகக் கிடக்கும் ஒரு பக்கத்தைத் திருத்தி, அதைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி புல் ரிக்வெஸ்ட் போடுங்கள். புரோகிராம் எழுதத் தெரியவேண்டாம், ஆனால் ஏபிஐ (ஒரு சாஃப்ட்வேர் இன்னொன்றோடு பேசும் வழி) பற்றி எழுதப்போனால் போஸ்ட்மேன் என்ற சோதனைக் கருவியில் ஒரு ரிக்வெஸ்ட் அனுப்பி, வந்த பதிலைப் படித்துப் புரிந்துகொள்ளவாவது தெரியவேண்டும்.

ஸ்பேனர்:
அக்கா சொல்வது சரிதான், ஆனால் தம்பி ஏன் சாஃப்ட்வேர் வரிசையில் போய் நிற்கவேண்டும்? இயந்திரங்களுக்கும் மேனுவல் எழுதுகிறார்கள், அங்கே உங்கள் சர்வீஸ் அனுபவத்துக்கு மதிப்பு அதிகம். விமானத் துறையில் ஏஎஸ்டி-எஸ்டிஇ100 என்று ஒரு எளிய ஆங்கில விதித்தொகுப்பு இருக்கிறது. செய்முறை வாக்கியம் 20 வார்த்தையைத் தாண்டக்கூடாது, பெரும்பாலும் ஒரு வாக்கியத்தில் ஒரே வேலை, அனுமதித்த சொல் பட்டியலை மீறக்கூடாது. சரளமாகப் பேசுகிறவர்கள்தான் அதில் திணறுவார்கள், நீங்கள் தப்பிப்பீர்கள்.

அப்புறம் எச்சரிக்கை. பம்பில் தண்ணீர் நிரப்பாமல் மோட்டாரைப் போட்டால், தண்ணீர் கசியாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீல் போய்விடும் என்பது உங்களுக்குத் தெரியும். பல மேனுவல்களில் அது கடைசிப் பக்கத்தில் இருக்கும். அதைப் படிப்பதற்குள் சீல் கருகியிருக்கும். சுவிட்ச் போடச் சொல்லும் படிக்கு முன்னால் அது வரவேண்டும். அதிலும் தரம் பிரிக்கவேண்டும். அமெரிக்காவின் ஆன்சி இசட்535 என்ற எச்சரிக்கைத் தர முறையில் உயிர் போகும், பலத்த காயம் வரும் என்றால் டேஞ்சர் அல்லது வார்னிங், சின்னக் காயம் என்றால் காஷன், பொருள் மட்டும் கெடும் என்றால் நோட்டீஸ். சீல் கருகுவது நோட்டீஸ். எர்த் கொடுக்காத மோட்டார் அப்படியில்லை, ஷாக் அடித்து உயிரே போகலாம். இந்த வித்தியாசத்தை இன்டர்வியூவில் சொல்லிப் பாருங்கள்.

நைட்ஷிஃப்ட்:
எல்லாரும் ஆசை காட்டுகிறீர்கள். சாட்ஜிபிடி வந்தபிறகு புதிதாக வருகிறவர்களுக்கு இடம் எங்கே? 1953-இல் தொடங்கிய அமெரிக்க டெக்னிக்கல் கம்யூனிகேஷன் சங்கமே 2025 தொடக்கத்தில் திவாலாகி மூடிவிட்டது.

டாக்ஸ்_அக்கா:
சங்கம் மூடியதற்கு ஏஐ மேல் பழி போடமுடியாது. ஆனால் வெறுமனே ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுக்கும் வேலை குறைகிறது என்பது உண்மை, மறைக்க விரும்பவில்லை. மிச்சமிருப்பது டெவலப்பரைத் துரத்திப் பிடித்து "இந்த பட்டன் எதற்கு, அழுத்தினால் என்ன கெடும்" என்று கேட்டு எழுதும் வேலை. அழகாக எழுதிய தப்பைக் கண்டுபிடிக்க அந்தப் பொருளைக் கையால் தொட்டவர் வேண்டும்.

மோனோபிளாக்:
நன்றி அக்கா, அண்ணா. கம்பெனிக்கு எழுதிக்கொடுத்த குறிப்பையே சாம்பிளாகக் காட்டலாமா?

ஸ்பேனர்:
கூடவே கூடாது. அது கம்பெனி சொத்து, எழுத்தில் அனுமதி இல்லாமல் வெளியே போனால் உங்களுக்குத்தான் வினை. வீட்டுக் கிணற்று மோட்டாருக்கு ஃபுட் வால்வு (உறிஞ்சு குழாயின் அடியில் தண்ணீர் திரும்பிப் போகாமல் தடுப்பது) பொருத்தி, பிரைமிங் செய்து (பம்பில் தண்ணீர் நிரப்பி), ஓட்டிக் காட்டுவதுவரை புதிதாக எழுதுங்கள். படத்தை நீங்களே வரையுங்கள், இரண்டு பக்கம் போதும். மோட்டார் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, வாயைத் திறக்காமல் பக்கத்தில் நின்று பாருங்கள். எந்த வரியில் உங்களைத் திரும்பிப் பார்க்கிறாரோ அதைத் திருத்திவிட்டு இங்கே போடுங்கள்.