ரெயில் பிரஷர் சென்சார் கோளாறு: சூடானால் மட்டும் வருகிறது, உதவுங்கள்

24 வோல்ட் லாரி, 6 சிலிண்டர் காமன் ரெயில் டீசல் (எல்லா இன்ஜெக்டருக்கும் ரெயில் என்ற ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை). மூன்று வாரமாக, இன்ஜின் நன்றாகச் சூடாகி மேடு ஏறும்போது பவர் சட்டென்று விழுகிறது. ஃபால்ட் கோடு எஸ்பிஎன் 157, எஃப்எம்ஐ 3, அதாவது ரெயில் பிரஷர் சிக்னலின் வோல்டேஜ் அளவுக்கு மேல். ஆறவிட்டால் சரியாகிவிடும்.

சென்சாரைப் புதிதாக மாற்றியும் அதே கதைதான். கீ ஆன், இன்ஜின் ஆஃப் நிலையில் ரெஃபரன்ஸ் (சென்சாருக்கு வரும் சப்ளை) 5.0 வோல்ட், சிக்னல் 0.5 வோல்ட், இரண்டும் சரி. கோளாறு வரும்போது சிக்னல் 4.8க்குத் தாவுகிறது. பூஸ்ட் (டர்போ காற்றழுத்தம்) சென்சார் ரீடிங்கும் கூடவே ஏறுகிறது. இரண்டு சென்சாருக்கும் கிரவுண்டு (நெகட்டிவ் ஒயர்) ஒன்றுதான். சென்சார் கிரவுண்டு பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே ஆறியிருக்கும்போது 0.02 வோல்ட், சூட்டில் 1 வோல்ட்டுக்கு மேல். கனெக்டர்களில் பச்சைப் பூப்பு இல்லை, ஒயரை ஆட்டினாலும் மாற்றமில்லை. அதனால் சென்சார் மேல் இனி சந்தேகமில்லை.

குறை ஹார்னஸுக்குள் (ஒயர் கட்டுக்குள்) இருக்கும் கிரவுண்டு ஜாயின்டிலா, ஈசிஎம் (இன்ஜின் கன்ட்ரோல் கம்ப்யூட்டர்) போர்டிலா என்பதை ஹார்னஸை உரிக்காமல் எப்படிப் பிரித்தறிவது?