‘லிட்டில் விங்’ திரைப்படம்: சிறுமி வர்புவின் தாயை எப்படிப் புரிந்துகொள்வது?

கேள்வி

செல்மா வில்ஹூனென் இயக்கி 2016ஆம் ஆண்டு வெளியான ‘லிட்டில் விங்’ என்ற பின்லாந்துப் படத்தைப் பார்த்தவர்களிடம் ஒன்று கேட்க விரும்புகிறேன். ஹெல்சிங்கியில் தாய் சிரூவுடன் வாழும் பன்னிரண்டு வயதுச் சிறுமி வர்பு, பெயரைத் தவிர வேறெதுவும் அறியாத தன் தந்தையைத் தேடி, திருடிய காரைத் தானே ஓட்டிக்கொண்டு, ஏறத்தாழ 600 கிலோமீட்டர் வடக்கேயுள்ள ஔலு நகருக்குச் செல்கிறாள். ஓட்டுநர் தேர்வில் தேற முடியாமல் தவிப்பவள் தாய். வண்டியோட்டக் கற்றுக்கொள்பவள் மகள். வீட்டில் பொறுப்பேற்கும் வேலையும் பெரும்பாலும் மகளிடமே வந்து சேர்கிறது. ஆயினும் இயக்குநர் சிரூவைக் குற்றவாளியாக நிறுத்தவில்லை. பெற்றோரின் கடமை தளர்ந்துபோனதை இப்படம் இயல்பென்று ஏற்கிறதா, அல்லது குடும்பத்தை வேறுவிதமாகப் பார்க்கச் சொல்கிறதா?

முதல் பதில்

பின்லாந்தின் சட்டப் பின்னணியை அறிந்தால் இப்படம் இன்னும் தெளிவாகும் என்பது என் கருத்து. 1983இல் இயற்றப்பட்டு 1984இல் நடைமுறைக்கு வந்த குழந்தைப் பராமரிப்புச் சட்டம், பிள்ளையை அடிப்பதைத் தடை செய்ததோடு, பிரிந்து வாழும் பெற்றோரைச் சந்திப்பதைப் பிள்ளையின் உரிமையாகவே வகுத்தது. பன்னிரண்டு வயது நிறைந்த பிள்ளையின் விருப்பத்துக்கு மாறாக அத்தகைய சந்திப்பை வலிந்து நிறைவேற்றவும் அங்கே இயலாது. அதே சட்டத்தின் முதற்பிரிவு, பிள்ளைக்குப் புரிதலும் பாதுகாப்பும் கனிவும் கிடைக்கும்படி வளர்க்க வேண்டும் என்கிறது. கனிவு என்ற சொல்லைச் சட்டத்திலேயே எழுதி வைத்த ஒரு சமூகத்தில், அதை அன்றாடம் யார் தருவது என்ற கேள்வியைத்தான் வர்புவின் வாழ்க்கை எழுப்புகிறது. ஆகவே அவளது பயணத்தை வெறும் கீழ்ப்படியாமையாக நான் காணவில்லை. தனக்கு உரியதைக் கேட்டுப் போகிறாள்.

இரண்டாம் பதில்

மேலே உள்ள விளக்கம் பயனுள்ளது. ஆனால் படத்தின் மையம் உரிமையில் இல்லை என்று நினைக்கிறேன். உரிமையைப் பற்றிய படமாக இருந்திருந்தால், தந்தையைக் கண்டடைவதோடு கதை நிறைவு பெற்றிருக்கும். வர்பு கண்டடைவதோ மனநோயால் அவதியுறும் ஒரு மனிதரை. தாயும் தந்தையும் சேர்ந்திருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணத்துக்குப் படம் அங்கே இடமளிக்க மறுக்கிறது. அவரை இழிவுபடுத்தவும் மறுக்கிறது. அந்தச் சந்திப்புக்குப் பிறகுதான் தாயும் மகளும் ஒருவருக்கொருவர் யார் என்பதை மறுபடியும் எண்ணிப் பார்க்கிறார்கள். சிரூ அன்பில்லாதவள் அல்லள், முதிராதவள். இவ்விரண்டையும் பிரித்துக் காட்டியதே இயக்குநரின் பெரிய சாதனை. இப்படத்துக்கு 2017இல் நோர்டிக் கவுன்சில் திரைப்பட விருது கிடைத்தது முற்றிலும் தகும்.

இவருடைய மற்றப் படங்களிலும் இந்தப் பார்வை தொடர்கிறது. 2018இல் வந்த ‘ஸ்டுபிட் யங் ஹார்ட்’ படத்தில், தந்தையின்றி வளர்ந்த லென்னி, பதின்ம வயதிலேயே தானும் தந்தையாகப் போகும் நிலையில், தீவிர வலதுசாரி ஒருவனிடம் தந்தையின் இடத்தைத் தேடிச் செல்கிறான். வர்புவின் தேடலோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய படம் அது.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

இருவருக்கும் நன்றி. முதிராமையையும் அன்பின்மையையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதை மனமார ஏற்கிறேன். எனினும் ஒன்று இன்னும் உறுத்துகிறது. தாயிடம் படம் காட்டும் பரிவு நியாயமானதே. ஆனால் அந்த முதிராமைக்கான விலையைச் செலுத்துபவள் வர்பு. காரில் ஏறுவதற்கு முன் அவள் மனம்விட்டுப் பேசுவதற்கு ஒரு பெரியவரும் இல்லாமற்போனதை, சிரூவைக் குற்றம் சாட்டாமலேயே, இன்னும் சற்று நேரம் நின்று காட்டியிருக்கலாம் என்றே கருதுகிறேன்.