மறு: சைட்டேஷனுக்கு ‘மேற்கோள்’ பொருந்துமா? ‘எடுத்தாள்கை’யை முன்வைக்கிறேன்

குழுமத்தாருக்கு வணக்கம். ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பிறர் தம் கட்டுரைகளில் குறிப்பிடுவதை ஆங்கிலத்தில் ‘சைட்டேஷன்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் எந்தச் சொல் பொருந்தும் என்று நம் குழுமத்தில் நடக்கும் பேச்சுக்கு என் பதில் இது.

புற்றுநோய் ஆய்வாளர் ராபர்ட் வைன்பெர்க் பற்றி நான் எழுதும் கட்டுரையில் ஒரு வரியில் கை நின்றுவிட்டது. அவரும் டக்ளஸ் ஹனஹானும் 2000 ஜனவரியில் ‘செல்’ ஆய்விதழில் எழுதிய, புற்றணுக்களின் 6 பொதுப் பண்புகளைத் தொகுத்துச் சொன்ன கட்டுரை பற்றிய வரி அது. “இக்கட்டுரை பல்லாயிரம் மேற்கோள்களைக் கொண்டது” என்று எழுதிப் படித்துப் பார்த்தேன். கட்டுரைக்குள்ளேயே பல்லாயிரம் மேற்கோள்கள் இருப்பதாக அல்லவா பொருள் வருகிறது! நான் சொல்ல வந்தது, பிறர் தம் கட்டுரைகளில் இதை எடுத்துக்கொண்ட கணக்கை.

“மேற்கோள் பெற்றது” என்றாலும் குறை தீரவில்லை. மேற்கோள் என்றால் ஒருவர் சொன்னதைச் சொல் மாறாமல் காட்டுவது என்றுதான் நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆய்வுக் கட்டுரையில் பெரும்பாலும் ஒரு சொல்லைக்கூட அப்படி எடுப்பதில்லை. வரியின் ஓரத்தில் ஓர் எண், கடைசிப் பட்டியலில் ஒரு பெயர், அவ்வளவுதான்.

குழுமத்தில் ஐயா ஒருவர் சைட்டேஷனுக்கு முன்வைத்த ‘சுட்டுகை’ சுருக்கமாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பேச்சுத் தமிழில் “அவரோட கட்டுரையைச் சுட்டுட்டாங்க” என்றால் திருடிவிட்டார்கள் என்று பொருள். ஆய்வுத் திருட்டும் இதே துறையின் பேச்சு. இரண்டு சொல்லும் இவ்வளவு நெருங்கி ஒலிப்பது மாணவர்களைக் குழப்பும்.

‘எடுத்தாள்கை’ புதிதாகச் செய்த சொல் அன்று. கம்பர் குறளை எடுத்தாள்கிறார் என்று நாம் சொல்லும்போது, குறளை அப்படியே ஒப்பித்தார் என்று யாரும் கொள்வதில்லை. தன் தேவைக்கு எடுத்துப் பயன்படுத்தினார் என்றே கொள்கிறோம். எடுத்தாண்டார், எடுத்தாளப்பட்டது, தன் கட்டுரையைத் தானே எடுத்தாள்வதற்குத் தன்னெடுத்தாள்கை என்று வினையும் பெயரும் தடையில்லாமல் கிளைக்கின்றன.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. எடுத்தாள்வது ஏற்றுக்கொள்வது ஆகாது. நன்னூல் எழுவகை மதம், அதாவது நூலாசிரியர் கொள்ளும் ஏழு வகை நிலைப்பாடு, சொல்லும் இடத்தைப் பாருங்கள். உடன்படலுக்கு அடுத்தே மறுத்தல் நிற்கிறது. பிறர் கருத்தை ஏற்றுப் பின் களைவதும், பிறர்நூல் குற்றம் காட்டலும் அந்தப் பட்டியலில் உண்டு. முன்னவர் நூலோடு ஒருவர் கொள்ளும் உறவு இத்தனை வகை என்று நம் இலக்கணம் பிரித்து வைத்திருக்கிறது. எண்ணிக்கையை மட்டும் சொன்னால் இவை அத்தனையும் ஒன்றாகிவிடுகின்றன. ‘ஆள்கை’ எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும் சொல் என்பதால்தான் இதை விடாமல் கேட்கிறேன்.

ஒரு கட்டுரையின் மதிப்பு உடனே வரும் எண்ணிக்கையில் தெரிந்துவிடாது என்பதற்கு, புற்றுநோய் ஆய்வாளர் பெய்டன் ரௌஸை நினைத்துக்கொள்ளுங்கள். 1909இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்துக்கு, மார்பில் கட்டியுள்ள ஒரு பிளிமத் ராக் கோழி வந்தது. அவர் கட்டியை அரைத்து, உயிரணுவும் பாக்டீரியாவும் தங்கிவிடும் வடிகட்டியில் வடித்து, அந்த நீரை அதே இனத்தின் வேறு கோழிகளுக்குச் செலுத்தினார். அவற்றுக்கும் கட்டி வந்தது. வடிகட்டியைத் தாண்டிப் போனது ஒரு வைரஸ். 1911இல் அதை வெளியிட்டார். நம்பியவர்கள் குறைவு. பாலூட்டிகளில் அப்படி ஒன்றைக் காட்ட முடியாமல், சில ஆண்டுகளில் அவரே அந்த வேலையை விட்டு விலகினார். நோபல் பரிசு 1966இல் வந்தபோது அவருக்கு வயது 87. அந்தக் கோழி வைரஸின் மரபணு தொடங்கிவைத்த தேடல்தான் 1989இல் பிஷப், வார்மஸ் என்ற ஆய்வாளர்களுக்கு நோபல் வாங்கித் தந்தது.

இதோடு சேர்த்து, ஓர் ஆய்விதழை அளக்கும் ‘இம்பாக்ட் ஃபேக்டர்’ என்ற எண்ணுக்கு வழங்கும் ‘தாக்கக் காரணி’ என்ற வழக்கையும் மாற்றக் கேட்கிறேன். புற்றுநோய்க் கட்டுரையில் ‘புற்றுநோய்க் காரணி’ என்பது புகையிலை போன்றவற்றைக் குறிக்கும். ‘தாக்கம்’ என்றால் நோயின் தாக்கம். அங்கே போய் “இவ்விதழின் தாக்கக் காரணி 40” என்றால் வாசகர் என்ன நினைப்பார்? கணக்கைப் பார்த்தால் அது வெறும் வீதம்தான்: முந்தைய 2 ஆண்டுகளில் ஓர் இதழில் வந்த கட்டுரைகள் இந்த ஆண்டு எத்தனை முறை எடுத்தாளப்பட்டன என்பதை, அக்கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுப்பது. ஆகவே ‘எடுத்தாள்கை வீதம்’. ரௌஸ் காத்திருந்தது 55 ஆண்டு. இந்தக் கணக்கு பார்ப்பதோ 2 ஆண்டு. ‘காரணி’ என்ற கனமான பெயர் இதற்கு ஏன்? அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் இதழுக்கு இந்த வீதம் மலைபோல் உயர்ந்திருப்பதற்கு முக்கியக் காரணம், அது ஆண்டுதோறும் வெளியிடும் நோயாளர் புள்ளிவிவரங்கள். புற்றுநோய்க் கட்டுரைகள் பல, முதல் வரியிலேயே அதை எடுத்தாள்கின்றன. பயனுள்ள பணிதான், ஆனால் அந்த எண்ணை வைத்துக் கண்டுபிடிப்பின் பெருமையை அளக்க முடியாது.

ஓர் ஆய்வாளரை அளக்க 2005இல் இயற்பியலாளர் ஹிர்ஷ் சொன்ன ஹெச்-எண் அப்படியே இருக்கட்டும். ஒருவருக்கு 40 என்றால், குறைந்தது 40 முறை எடுத்தாளப்பட்ட கட்டுரைகள் 40 அவரிடம் இருக்கின்றன. பல்லாயிரம் முறை எடுத்தாளப்பட்ட அந்த 2000ஆம் ஆண்டுக் கட்டுரையும் இந்தக் கணக்கில் ஒன்றாகத்தான் சேரும்.

என் வரியை இப்போது இப்படி மாற்றியிருக்கிறேன்: “இக்கட்டுரை பல்லாயிரம் முறை எடுத்தாளப்பட்டிருக்கிறது.” மறுப்பு இருந்தால் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள். மருத்துவர்கள் யாராவது ‘புற்றணுக்களின் பொதுப் பண்புகள்’ என்ற தொடரையும் பார்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும். ‘அடையாளக்கூறுகள்’ இன்னும் பொருந்துமோ என்று தோன்றுகிறது.

அன்புடன்