முன் இடது பிரேக் பேட் மட்டும் இரும்பு வரை தேஞ்சிருக்கு, பேட் மாத்தினா போதுமா?

வலங்கைமான் பிக்கப்:
டீசல் பிக்கப், முன்னால டிஸ்க், பின்னால டிரம். பிரேக் மிதிச்சா முன் இடது பக்கம் கரகரன்னு இரும்பு உரசுற சத்தம். கழட்டிப் பார்த்தா உள்பக்க பேட்ல லைனிங்கே இல்ல, தகடு டிஸ்க்கில உரசுது. அதே சக்கரத்து வெளிப்பக்க பேட் 6 மி.மீ., வலது பக்கம் ரெண்டும் 5 மி.மீ. இருக்கு. ஓடி நின்னதும் இடது சக்கரத்துல கை வைக்க முடியல, அவ்வளவு சூடு. நாலு பேட் செட் வாங்கியாச்சு. சம்பா அறுப்பு நேரம், நெல் மூட்டை கொள்முதல் நிலையத்துக்குப் போகணும். வீட்டுலயே மாத்தலாமா? பிஸ்டனை எப்படி உள்ள தள்றது?

மன்னார்குடி மெக்கானிக்:
மாத்தலாம் தம்பி. ஆனா பேட் மட்டும் மாட்டி ஓட்டினா புது பேடும் இப்படியேதான் போகும். இது நகர்ற கேலிபர், அதாவது டிஸ்க்கை ரெண்டு பக்கமும் பேடால கவ்வுற கவ்வி. பிஸ்டன் உள்பக்க பேடைத் தள்ளும், கேலிபர் ரெண்டு ஸ்லைடு பின்ல வழுக்கி வந்து வெளிப்பக்க பேடை இழுத்துப் பிடிக்கும். பின் இறுகிட்டா உள்பக்கம் மட்டும் வேலை செய்யும். பிஸ்டன் துருப்பிடிச்சுத் திரும்பாம நின்னாலும் இதே மாதிரிதான் தேயும்.

பிரிக்கறதுக்கு முன்னாடி ஒரு சோதனை. சக்கரத்தைத் திரும்ப மாட்டி, முன்பக்கத்தைத் தூக்கி, பிரேக்கை மிதிச்சு விட்டுட்டுக் கையால சுத்துங்க. இறுக்கமா இருந்தா கேலிபர்ல பிளீடர் நிப்பிளை (ஆயிலும் காத்தும் வெளிய விடுற திருகு) கால் சுத்து தளர்த்துங்க. பிரேக் ஆயில் பீச்சி சக்கரம் லேசாச்சுன்னா அழுத்தம் திரும்பிப் போகல. பெரும்பாலும் பிரேக் ஹோஸ் உள்ள ஊதி அடைச்சிருக்கும். தளர்த்தியும் இறுக்கம் போகலைன்னா ஸ்லைடு பின் அல்லது பிஸ்டன்தான். நிப்பிள் துருவோட இருந்தா முதல் நாளே துரு இளக்குற ஆயில் விட்டு வைங்க, பலவந்தம் பண்ணினா ஒடிஞ்சிடும்.

ஜாக்கியைக் களிமண்ல வைக்காதீங்க. நம்ம மண்ணு ஈரத்துல சாயும். சிமெண்ட் தரையில நிறுத்தி, பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, சேஸிஸ்க்குக் கீழ ஸ்டாண்டு வச்சாத்தான் கை உள்ள போகணும். வீல் நட்டை வண்டி தரையில இருக்கும்போதே கொஞ்சம் தளர்த்திக்கணும்.

கேலிபரைக் கழட்டினதும் கட்டுக்கம்பியால தொங்க விடுங்க, ஹோஸ்ல எடை விழக்கூடாது. பழைய பேடை பிஸ்டன் மேல வச்சு சி கிளாம்ப்பால மெதுவா அழுத்துங்க. அப்போ நிப்பிள்ல டியூப் மாட்டித் திறந்து வச்சா அழுக்கு ஆயில் மாஸ்டர் சிலிண்டருக்குத் திரும்பாம வெளிய வந்துடும். அழுத்தத்தை எடுக்கறதுக்கு முன்னாடியே நிப்பிளை மூடணும், இல்லேன்னா காத்து உள்ள போயிடும். ஆயில் பெயிண்ட்ல சிந்தினா உடனே தண்ணி ஊத்திக் கழுவுங்க.

வேதாரண்யம் உப்பு லோடு:
ஸ்லைடு பின் விஷயத்துல இன்னும் கொஞ்சம். ரெண்டு பின்னும் ஒரே மாதிரி தெரியும், சில வண்டியில ஒண்ணுல மட்டும் ரப்பர் புஷ் இருக்கும். எது மேல, எது கீழன்னு குறிச்சு வைங்க. பின்னை மூடுற ரப்பர் உறை (பூட்) கிழிஞ்சிருந்தா அதையும் மாத்துங்க, வயல் சேறும் உப்புத்தண்ணியும் அந்த வழியாத்தான் உள்ள போகுது. துருவை உப்புத்தாள்ல தேய்ச்சு, பிரேக்குக்குன்னே விக்கிற சிலிக்கான் கிரீஸ் மட்டும் மெல்லிசா தடவுங்க. சேஸிஸ் கிரீஸ் போட்டா ரப்பர் ஊதி பின் மறுபடி இறுகிடும். பிராக்கெட்ல (கேலிபரைத் தாங்குற சட்டம்) பேட் காது உக்கார்ற இடத்தையும் கம்பி பிரஷ்ஷால தேய்க்கணும். தூசியைக் காத்து அடிச்சு ஊதாதீங்க, மூச்சுக்குள்ள போகும். டிஸ்க்கை டீசல்ல துடைக்கிற பழக்கமும் வேண்டாம், எண்ணெய்ப் படலம் நிக்கும். பிரேக் கிளீனர் போடுங்க.

வலங்கைமான் பிக்கப்:
ரொம்ப நன்றி அண்ணே. நிப்பிள் தளர்த்தியும் இறுக்கம் போகல. கீழ் பின் அசையவே இல்ல, பூட் கிழிசல். பிஸ்டன் சுலபமா உள்ள போச்சு. டிஸ்க்ல நகம் மாட்டுற அளவுக்குக் கோடு இருக்கு, வச்சு ஓட்டலாமா?

மன்னார்குடி மெக்கானிக்:
அப்போ பின்தான் காரணம். டிஸ்க்ல குறைந்தபட்ச கனம் பொறிச்சிருக்கும். வெர்னியர் விளிம்பு மேட்டுல உக்காந்து கனத்தைக் கூட்டிக் காட்டும். மைக்ரோமீட்டரால கோட்டுப் பள்ளத்துல அளங்க. குறைஞ்சா ரெண்டு பக்கமும் புது டிஸ்க். கடைசல் போட்ட பிறகும் அந்த அளவுக்கு மேல நிக்கும்னா கடைசல் போடலாம். பேட் நாலையும் மாத்துங்க, ஒரு பக்கம் மட்டும் மாத்தினா வண்டி இழுக்கும்.

மாட்டினதும் வண்டியை நகர்த்தாம பெடல் கெட்டியாகுற வரைக்கும் மிதிங்க. முதல் மிதியில பெடல் தரைக்குப் போகும், அந்த நிலையில எடுத்தா பிரேக் இருக்காது. பிரேக் ஆயில் மட்டத்தை மேல் கோட்டோட நிறுத்துங்க, மூடியில போட்டிருக்கிற டாட் (DOT) எண் உள்ள பிரேக் ஆயில்தான் ஊத்தணும். மிதிச்சும் பஞ்சு மாதிரி இருந்தா காத்து இருக்கு, நிப்பிள் வழியா அதை வெளியேத்தணும் (பிளீட் பண்ணணும்). அப்புறம் காலி வண்டியில 50 கி.மீ. வேகத்துலேருந்து 10-க்கு இதமா எட்டு, பத்து தடவை குறைங்க. நடுவுல ஆற விடுங்க, சூட்டோட மிதிச்சபடி நிக்காதீங்க. அது முடியற வரைக்கும் மூட்டை ஏத்த வேண்டாம். 50 கி.மீ. ஓடினதும் வீல் நட்டை மறுபடி இறுக்கிட்டு, ரெண்டு முன் சக்கரத்துச் சூட்டையும் கிட்ட கை கொண்டுபோய் ஒப்பிடுங்க. இடது இன்னும் அதிகமா சுட்டா பின் உக்கார்ற துளையே அரிச்சிருக்கலாம், அப்படின்னா பிராக்கெட் மாத்தணும்.