பிரிட்டனுக்குப் புதிதாக வந்தவர்கள் கிளாசிக் கார் வாங்கும் முன்: இன்ஷூரன்ஸ் கட்டுபடியாக என்ன வழி?

கேள்வி

வணக்கம் நண்பர்களே. வேலை விசாவில் குடும்பத்தோடு லெஸ்டருக்கு வந்திருக்கிறோம். 1968 மாடல் மோரிஸ் மைனர் ஒன்று நல்ல நிலையில் விலைக்கு வருகிறது. கையில் இருப்பது இந்திய லைசென்ஸ் மட்டும்தான். வழக்கமான ஒப்பீட்டுத் தளங்களில் போட்டுப் பார்த்தால், காரின் விலையில் பாதியைப் பிரீமியமாகக் கேட்கிறார்கள். கிளாசிக் கார் என்றால் இன்ஷூரன்ஸ் மலிவு என்கிறார்களே, அது எங்கே கிடைக்கும்?

பதில் 1

தம்பி, முடிந்தால் அந்தக் காரை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். காரணம் சொல்கிறேன்.

கிளாசிக் பாலிசியின் விலை ஒரு கணக்கை நம்பிப் போடப்படுகிறது: வீட்டில் தினசரி ஓட்ட வேறு கார் உண்டு, இந்தப் பழைய கார் விடுமுறை நாளில் மட்டும் வெளியே வரும், ஓட்டுபவர் 25 வயது தாண்டியவர், பிரிட்டிஷ் லைசென்ஸை ஓரிரு வருடமாவது வைத்திருப்பவர். இதில் எது குறைந்தாலும் சில கம்பெனிகள் விலையே சொல்லாது, மற்றவை ஏற்றிச் சொல்லும். இன்றைய நிலையில் உங்களிடம் முக்கியமானதே இல்லை.

லைசென்ஸிலிருந்து ஆரம்பிப்போம். இந்திய, இலங்கை லைசென்ஸோடு இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் ஓட்டலாம். அதன்பின் ப்ரொவிஷனல் (பழகுநர் லைசென்ஸ்) எடுத்து, தியரி, பிராக்டிகல் இரண்டும் பாஸ் செய்தால்தான் தனியாக ஓட்ட முடியும். சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, கனடா, யு.ஏ.இ. லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் ஐந்து வருடத்துக்குள் டெஸ்ட் இல்லாமலே மாற்றிக்கொள்ளலாம். பிராக்டிகல் டெஸ்டை ஆட்டோமேட்டிக் காரில் கொடுக்காதீர்கள். சுலபம் என்று அதில் பாஸ் செய்தால் ஆட்டோமேட்டிக் மட்டுமே ஓட்டும் லைசென்ஸ்தான் வரும். மோரிஸ் மைனர், எம்.ஜி.பி., ட்ரையம்ஃப் ஹெரால்ட் என்று நம் ஆட்கள் ஆசைப்படும் கார்களில் பெரும்பாலானவை கியர் போட்டு ஓட்டுபவை. மேனுவலுக்கு மறுபடி டெஸ்ட் கொடுக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது நோ கிளெய்ம் போனஸ். கிளாசிக் பாலிசிகள் பெரும்பாலும் அதைக் கேட்பதும் இல்லை, சேர்த்துத் தருவதும் இல்லை. அதனால் முதல் காராகவே கிளாசிக்கை வாங்கி மூன்று வருடம் விபத்தே இல்லாமல் ஓட்டினாலும், பிறகு சாதாரண கார் வாங்கும்போது உங்கள் கணக்கு சுழியத்திலிருந்துதான் தொடங்கும். சின்ன எஞ்சின் உள்ள சாதாரண கார் ஒன்றை உங்கள் பெயரில் முழு வருடம் ஓட்டுங்கள். அந்த வருடத்தில் லைசென்ஸுக்கும் வயது கூடும், போனஸும் ஏறும், கிளாசிக் கம்பெனி கேட்கும் ‘முதல் கார்’ என்ற நிபந்தனையும் நிறைவேறிவிடும். இந்தியக் கம்பெனியின் போனஸ் கடிதத்தை இங்கே ஏற்பவர்கள் குறைவு. ஆனாலும் ஊரிலிருந்து ஆங்கிலத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போனஸாக எண்ணாவிட்டாலும், ஓட்டிய அனுபவத்துக்குச் சான்றாகச் சில புரோக்கர்கள் பார்ப்பார்கள்.

விலை கேட்கும் இடமும் வேறு. ஒப்பீட்டுத் தளத்தின் கேள்விப் பட்டியல் புது கார்களுக்காகப் போட்டது. ஹேகர்ட்டி, ஃபுட்மேன் ஜேம்ஸ், ஏட்ரியன் ஃப்ளக்ஸ், லங்காஸ்டர் போன்ற கிளாசிக் கார் நிபுணர்களிடம் போனிலேயே கேளுங்கள். மூன்று இடத்திலாவது கேட்டுவிட வேண்டும். ஒருவருக்கு ஒத்துவராத நிலைமை இன்னொருவருக்கு ஒத்துவரும். காரைப் பேசி முடித்த பிறகு கேட்பதில் பயனில்லை. விற்பவரிடம் பதிவு எண்ணை வாங்கி, முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள்.

போன் செய்யும்போது கையில் இருக்க வேண்டியவை: பதிவு எண், வி5சி லாக்புக்கில் (காரின் பதிவுப் பத்திரம்) உள்ள விவரம், எஞ்சின் சி.சி., இரவில் கார் நிற்கும் இடத்தின் போஸ்ட்கோடு, பிரிட்டனில் குடியேறிய தேதி, லைசென்ஸ் கிடைத்த தேதி, வருடத்தில் எத்தனை மைல் ஓட்டுவீர்கள் என்ற கணக்கு. மைல்தான் உங்கள் கையில் இருக்கும் பெரிய பிடி. 1,500, 3,000, 5,000 என்று படிகளாக இருக்கும். கீழ்ப்படியில் விலை நன்றாகக் குறையும். ஆனால் குறைத்துச் சொல்லிவிட்டு அதிகம் ஓட்டாதீர்கள். பாலிசி தொடங்கும் நாளில் மைல்மானியைப் படம் எடுத்து வையுங்கள். அந்தக் காலத்து மீட்டர்களில் ஐந்து இலக்கம்தான், 99,999க்குப் பின் சுழியத்துக்குத் திரும்பிவிடும். படம் இல்லாவிட்டால் வாக்குவாதம்தான் மிஞ்சும். வரம்பை நெருங்கினால் போன் செய்து அடுத்த படிக்கு மாறிக்கொள்ளலாம்.

கட்டாயம் கேட்க வேண்டியது ‘அக்ரீட் வேல்யூ’. சாதாரணப் பாலிசியில், கார் முழுசாகப் போனால் அன்றைய சந்தை மதிப்பைத் தருவார்கள். 1968 காருக்கு அவர்கள் போடும் மதிப்பும் உங்கள் செலவும் பொருந்தவே பொருந்தாது. அக்ரீட் வேல்யூவில் தொகையை முன்கூட்டியே இரு தரப்பும் ஒப்புக்கொள்கிறீர்கள். இதற்கு முன், பின், இரு பக்கம், உள்ளே, எஞ்சின் அறை, மைல்மானி என்று படங்கள் கேட்பார்கள். பழுது பார்த்த ரசீதுகளையும் சேர்த்து அனுப்பலாம். பலர் தடுக்கி விழும் இடம் இதுதான்: பிரீமியம் கட்டியதும் வேலை முடிந்தது என்று படங்களை அனுப்பாமல் விட்டுவிடுவார்கள். அனுப்பி, எழுத்தில் உறுதி வரும்வரை அது சந்தை மதிப்புப் பாலிசிதான். அந்த மதிப்புக்குக் காலக்கெடுவும் உண்டு. பாலிசி தானாகப் புதுப்பிக்கப்படும்போது மதிப்பும் தொடர்கிறதா என்று கேளுங்கள். மோரிஸ் மைனர் ஓனர்ஸ் கிளப் போன்ற கிளப்பில் சேருங்கள். கிளப் தரும் மதிப்பீட்டுக் கடிதத்தைக் கம்பெனிகள் மதிக்கும், பிரீமியத்தில் தள்ளுபடியும் கிடைக்கும்.

காரில் செய்த மாற்றங்களை மறைக்காதீர்கள். எலெக்ட்ரானிக் இக்னிஷன், முன்பக்கம் டிஸ்க் பிரேக், மைனரின் 1,098 சி.சி. எஞ்சினுக்குப் பதில் 1,275 சி.சி. எஞ்சின், எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். பாதுகாப்புக்காகச் செய்த மாற்றங்களுக்குக் கிளாசிக் கம்பெனிகள் பெரும்பாலும் விலை ஏற்றுவதில்லை. மறைத்தால் 2012 ஆம் ஆண்டு நுகர்வோர் இன்ஷூரன்ஸ் சட்டம் வந்து நிற்கும். கவனக்குறைவால் சொல்லாமல் விட்டிருந்தால், தொகையை விகிதப்படி வெட்டலாம்: 300 பவுண்டு வாங்கியிருக்க வேண்டிய பாலிசிக்கு 180 பவுண்டு கட்டியிருந்தால் 60 சதவீதம்தான். 9,000 பவுண்டு காருக்கு 5,400 வரும். வேண்டுமென்றே மறைத்தது என்று காட்டினால் பாலிசியே செல்லாது.

வருடக் கட்டணத்தை ஒரே தடவையில் கட்டுங்கள். மாதத் தவணைக்குப் பெரும்பாலும் வட்டி உண்டு. கிரெடிட் வரலாறு இல்லாத புதியவர்களுக்குத் தவணையே மறுக்கப்படுவதும் உண்டு.

40 வயது கடந்த கார் என்பதால் வாகன வரி இல்லை, எம்.ஓ.டி. (வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனை) பெரும்பாலும் கட்டாயமில்லை, லண்டனில் யூலெஸ் (புகை மாசுக் கட்டுப்பாட்டு மண்டலம்) கட்டணமான தினம் 12.50 பவுண்டும் இல்லை. ஆனால் வரி வகுப்பு ‘ஹிஸ்டாரிக்’ என்று மாறியிருக்க வேண்டும், வி5சி-யில் பாருங்கள். சுழிய வரியானாலும் வருடாவருடம் டாக்ஸ் போட வேண்டும். எம்.ஓ.டி. மட்டும் என் பேச்சைக் கேட்டு எடுத்துவிடுங்கள். அதிகபட்சக் கட்டணம் 54.85 பவுண்டு. பிரேக் குழாய் துருப்பிடித்து விபத்தானால், ‘பராமரிப்பு இல்லை’ என்று கம்பெனி கைவிரிக்காமல் இருக்க உங்களிடம் உள்ள தாள் அதுதான்.

பதில் 2

அண்ணை எல்லாம் வடிவாச் சொல்லிப்போட்டார். கராஜ் கதையை மட்டும் நான் சொல்லுறன். இரவில பூட்டின கராஜுக்குள்ள நிக்கும் எண்டு சொன்னா பிரீமியம் குறையும். ஆனா கராஜுக்குள்ள அரிசி மூட்டையும் பழைய சோபாவும் வைச்சுப்போட்டு காரை ரோட்டில விட்டீங்கள் எண்டா, களவு போன அண்டைக்கு ஒண்டும் கிடையாது. கராஜ் இல்லாட்டி டிரைவ்வேயை ஏத்துக்கொள்ளுற கம்பெனியைத் தேடுங்கோ. சில கவுன்சில்களிட்ட வாடகைக் கராஜும் இருக்கு. கதவின்ர அகலத்தை அளந்துபோட்டு எடுங்கோ. பாலிசியில கராஜ் வீட்டுக்கு எவ்வளவு கிட்ட இருக்கவேணும் எண்டும் எழுதியிருக்கலாம்.

யாழ்ப்பாணத்தில ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொறிஸ் மைனரும் ஓட்டின ஆக்களுக்கு சோக் இழுத்து எஞ்சினைச் சூடாக்கிறது புதுசில்லை. இஞ்ச குளிருக்க, சோக்கை இழுத்துவிட்டு, எஞ்சின் ஓட ஓட, தேத்தண்ணி குடிக்க உள்ள போகாதேங்கோ. திறப்பு காரில இருக்கேக்க களவு போனா கிளெய்ம் இல்லை எண்டு அனேகமா எல்லாப் பாலிசியிலயும் இருக்கு. அந்த ரண்டு நிமிசமும் காருக்குப் பக்கத்திலயே நில்லுங்கோ.

ட்ராக்கர் பூட்டினா தள்ளுபடி தருவினம். ஆனா ஓடாமல் நிக்கிற காரின்ர பற்றரியை அது குடிச்சுப்போடும். பற்றரி இறங்கினா ட்ராக்கரும் வேலை செய்யாது. பற்றரி இறங்காமல் சார்ஜ் ஏத்திக்கொண்டிருக்கிற பற்றரி கண்டிஷனர் ஒண்டு கொழுவி விடுங்கோ. வருடச் சந்தாவையும் விடாமல் கட்டுங்கோ. விலை குறைஞ்ச காருக்கு ஸ்டியரிங் பூட்டும் பற்றரி ஐசொலேட்டரும் (பற்றரி இணைப்பைத் துண்டிக்கிற சுவிட்ச்) காணும்.

கலியாண வீட்டுக்குக் கார் குடுக்கிற ஆக்கள் கவனம். சொந்தக்காரரின்ர மாப்பிளை ஊர்வலத்துக்குக் காசு வாங்காமல் நீங்களே ஓட்டிக்கொண்டு போனா அது சோஷல் பாவனை. பெற்றோலுக்கு மேல காசு வாங்கினா வாடகை ஓட்டம். சாதாரணக் கிளாசிக் பாலிசி அதுக்குச் செல்லாது. ரெயில் ஸ்டேஷனில விட்டுட்டு வேலைக்குப் போறதும் ‘கொம்யூட்டிங்’ தான். அதைத் தனியாச் சேர்க்கவேணும்.

கேள்வி

என் மாமா 20 வருடமாக ஹேரோவில் இருக்கிறார். பாலிசியை அவர் பெயரில் எடுத்து, என்னைக் கூடுதல் ஓட்டுநராகப் போட்டால் பாதி விலைதான் வருகிறது. வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் இன்னும் குறைவாக முடித்துத் தருவதாகவும் சொல்கிறார். செய்யலாமா?

பதில் 3

இரண்டையும் செய்யாதீர்கள். காரை உண்மையில் அதிகம் ஓட்டப்போவது நீங்கள் என்றால், மாமாவை முதல் ஓட்டுநராகக் காட்டுவது ‘ஃப்ரண்டிங்’, சட்டப்படி மோசடி. பாலிசி ரத்தானால் மாமாவுக்கும் இனி இன்ஷூரன்ஸ் கிடைப்பது கஷ்டம், ஏனென்றால் ‘பாலிசி ரத்தானதுண்டா’ என்று கம்பெனிகள் கேட்கும். மாமாவே வாங்கி, அவரே பெரும்பாலும் ஓட்டி, நீங்கள் எப்போதாவது ஓட்டினால் அது சரியான ஏற்பாடு.

வாட்ஸ்அப் ஆள் விவகாரம் இதைவிட மோசம். உங்கள் வயதையும் முகவரியையும் மாற்றிப் போட்டு உண்மையான கம்பெனியில் பாலிசி எடுத்து, தாளைத் திருத்தித் தருவார்கள்; அல்லது பாலிசியை எடுத்துக் காட்டிவிட்டு ரத்து செய்து பணத்தை அவர்களே எடுத்துக்கொள்வார்கள். போலீஸ் கேமரா நம்பர் பிளேட்டைப் படித்ததும் இன்ஷூரன்ஸ் இல்லை என்று தெரிந்துவிடும். தண்டனை 300 பவுண்டு அபராதமும் லைசென்ஸில் 6 பெனால்டி பாயிண்டும். காரையும் இழுத்துக்கொண்டு போகலாம். இங்கே டெஸ்ட் பாஸ் செய்த முதல் இரண்டு வருடத்தில் 6 பாயிண்ட் சேர்ந்தால் லைசென்ஸே ரத்து. ப்ரொவிஷனலிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். பணம் கட்டுமுன் எஃப்.சி.ஏ. (நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் அமைப்பு) பதிவேட்டில் புரோக்கரின் பெயரைத் தேடுங்கள். அந்தப் பதிவேட்டில் உள்ள எண்ணுக்கே போன் செய்யுங்கள், ஆள் கொடுத்த எண்ணுக்கு அல்ல.

பதில் 4

ஒன்று விட்டுப்போயிற்று. கார் கிடைத்துவிட்டது, ஆனால் பழுது பார்க்க மாதக்கணக்காகும் என்றால் முழுப் பாலிசி வேண்டாம். டி.வி.எல்.ஏ.யில் (வாகனப் பதிவு, லைசென்ஸ் அலுவலகம்) ‘சோர்ன்’ (கார் சாலையில் ஓடாது என்ற அறிவிப்பு) போடுங்கள், கட்டணம் இல்லை. கூடவே ‘லெய்ட் அப்’ (ஓடாமல் நிற்கும் காருக்கான) பாலிசி எடுத்தால் தீ, திருட்டு இரண்டுக்கும் காப்பீடு கிடைக்கும், விலையும் குறைவு. சோர்னும் இல்லாமல் இன்ஷூரன்ஸும் இல்லாமல் காரைக் கராஜுக்குள் வைத்திருந்தாலே 100 பவுண்டு அபராதக் கடிதம் வரும். சோர்ன் போட்ட காரைப் பொதுச் சாலையில் நிறுத்தவே கூடாது. முன்பதிவு செய்த எம்.ஓ.டி.க்கு ஓட்டிப் போக அனுமதி உண்டு. ஆனால் லெய்ட் அப் பாலிசி சாலையில் ஓட்டுவதற்குச் செல்லாது. அந்த நாளுக்கு முன்பே கம்பெனிக்குப் போன் செய்து முழுப் பாலிசியாக மாற்றிக்கொள்ளுங்கள், அல்லது ட்ரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோங்கள்.